முதலில் ரத்தத்தை நிறுத்து

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சர்ஜன் வெளியே வருகிறார். உள்ளே படுத்திருப்பவரின் வயிறு இன்னும் தைக்கப்படவில்லை. கிழிந்த கல்லீரலைச் சுற்றித் துணிப்பட்டைகள் திணிக்கப்பட்டிருக்கின்றன. அறுந்த குடலின் இரண்டு முனைகளும் இணைக்கப்படவில்லை; கசியாமல் இருக்கக் கட்டி மட்டும் விட்டிருக்கிறார்கள். திறந்த வயிற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. அப்படியே அவரை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சர்ஜன் இப்படிச் செய்திருந்தால் வேலையைப் பாதியில் விட்டவர் என்ற கெட்ட பெயர் வாங்கியிருப்பார். இன்று தேர்ந்த விபத்துச் சிகிச்சை மையங்களில், சாவின் விளிம்பில் வந்து சேரும் நோயாளிக்கு நடக்கும் முதல் அறுவை சிகிச்சை இதுதான். வேண்டுமென்றே பாதியில் நிறுத்தப்படுகிறது. மீதி வேலை நாளைக்கு, அல்லது நாளை மறுநாளைக்கு.

படுகாயச் சிகிச்சையில் கடந்த அரை நூற்றாண்டில் நடந்த மாற்றங்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. புதுக் கருவிகள் எத்தனையோ வந்தன. ஆனால் அதிக உயிர்களைக் காத்தவை பெரும்பாலும் எளிமையானவை: எதை முதலில் செய்வது என்ற வரிசையை மாற்றியது, நல்லது என்று நம்பிச் செய்துவந்த ஒன்றைக் கைவிட்டது, மலிவான மருந்து ஒன்றைச் சரியான நேரத்தில் கொடுத்தது. இந்த எளிமைதான் நம்பிக்கை தருகிறது. நம் மாவட்ட மருத்துவமனைக்கும் நெடுஞ்சாலைக்கும் வந்து சேரக்கூடிய முன்னேற்றங்கள் இவை.

குளிரும் உடல், உறையாத ரத்தம்

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் இரண்டு லிட்டர் போனால் உயிர் ஆபத்தில். ரத்தம் குறையும்போது திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் அமிலம் சேர்கிறது. உடல் தன் சூட்டை இழக்கிறது. சென்னை வெயிலில் அடிபட்டவரின் உடம்பும் குளிர்ந்துபோகும். குளிரும் அமிலமும் சேர்ந்தால் ரத்தம் உறையும் திறனை இழக்கிறது. உறையாத ரத்தம் இன்னும் ஓடுகிறது, உடல் இன்னும் குளிர்கிறது. ஒன்றை ஒன்று தூண்டும் இந்த மூன்றையும் மருத்துவர்கள் 'சாவின் முக்கோணம்' என்றே அழைக்கிறார்கள். உடல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்ட படுகாயக்காரர் பிழைப்பது மிக அரிது.

இந்த நிலையில் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் குடலை அழகாக இணைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? தையல் பிரமாதமாக இருக்கும். நோயாளி இருக்கமாட்டார்.

1983-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஹார்லன் ஸ்டோன் என்ற சர்ஜனும் அவர் குழுவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே ரத்தம் உறையாமல் போன நோயாளிகளைப் பற்றியது அது. வழக்கம்போல முழு ஆபரேஷனையும் முடித்த 14 பேரில் பிழைத்தவர் ஒருவர். ரத்தம் உறையவில்லை என்று தெரிந்த அந்த நொடியே துணியைத் திணித்து, வயிற்றை மூடி, ஐ.சி.யூ.வில் உடலைத் தேற்றிவிட்டு மீண்டும் தியேட்டருக்குக் கொண்டுவந்த 17 பேரில் 11 பேர் பிழைத்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து பென்சில்வேனியாவில் மைக்கேல் ரொட்டோண்டோ, வில்லியம் ஷ்வாப் ஆகியோரின் குழு இதற்கு ஒரு முறைமையை வகுத்தது. பெரிய ரத்தக்குழாய் ஒன்றும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளுறுப்புகளும் சேதமான நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், முழு ஆபரேஷன் செய்தவர்களில் 11 சதவீதம் பேரும், பாதியில் நிறுத்தியவர்களில் 77 சதவீதம் பேரும் பிழைத்திருந்தார்கள். எண்ணிக்கையில் அது சிறிய ஆய்வு, மொத்தம் 22 பேர்தான். ஆனாலும் அந்த வித்தியாசத்தை யாராலும் ஒதுக்கிவிட முடியவில்லை. இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'டேமேஜ் கன்ட்ரோல்'. கடற்படையிலிருந்து எடுத்த சொல் அது. குண்டடிபட்ட கப்பலைக் கடலில் நின்று முழுதாகப் பழுதுபார்க்க மாட்டார்கள். தண்ணீர் புகும் இடத்தை அடைத்து, தீயை அணைத்து, துறைமுகம் வரை மிதக்க வைப்பார்கள்.

சலைன் பாட்டிலின் கதை

அடிபட்டு வந்தவருக்கு உடனே டிரிப் ஏற்ற வேண்டும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குக்கூடத் தெரிந்த மருத்துவம். வியட்நாம் போர்க் காலத்தில் இது உலக வழக்கமாக வேரூன்றியது. இழந்த ரத்தத்தைப் போல மூன்று மடங்கு சலைன் என்று கணக்கு வைத்து ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி பொய்யானது. உள்ளே கிழிந்த குழாய் இன்னும் அடைக்கப்படாதபோது அழுத்தத்தை ஏற்றுவது, வீட்டுக் குழாய் உடைந்திருக்கும்போது மோட்டாரை முடுக்கிவிடுவது போன்றது. அப்போதுதான் ஒட்டத் தொடங்கிய ரத்தக்கட்டி பிய்த்துக்கொண்டு வரும். சலைனில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு இல்லை, உறைய வைக்கும் புரதம் இல்லை. இருக்கும் ரத்தத்தை அது நீர்க்கச் செய்கிறது. அறைச் சூட்டில் இருப்பதால் உடலைக் குளிரவும் வைக்கிறது. இந்த ஆபத்தை முதல் உலகப் போரின்போதே வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் எச்சரித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அதை மறந்துபோனார்கள்.

மறந்ததை நினைவூட்டியது ஹூஸ்டன் நகரம். அங்கே துப்பாக்கிச் சூட்டிலும் கத்திக்குத்திலும் மார்பிலோ வயிற்றிலோ காயம்பட்டு, ரத்த அழுத்தம் விழுந்த நிலையில் வந்த 598 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆம்புலன்ஸிலேயே சலைன். மற்றதற்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் வரை ஒன்றும் கிடையாது. 1994-இல் முடிவு வந்தது: உடனே ஏற்றியவர்களில் 62 சதவீதம் பேர் பிழைத்தார்கள், தாமதப்படுத்தியவர்களில் 70 சதவீதம். ஒன்றும் ஏற்றாமல் சீக்கிரம் தியேட்டருக்குக் கொண்டுபோனதே மேலாக இருந்தது.

அடுத்த அதிர்ச்சி லண்டனிலிருந்து. ரத்தம் உறையாமல் போவது சலைன் நீர்த்ததால் மட்டும் வரும் பின்விளைவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். ராயல் லண்டன் மருத்துவமனையின் கரீம் புரோஹியும் சக ஆய்வாளர்களும் 2003-இல் காட்டியது வேறு: பலத்த காயத்தோடு வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, மருத்துவமனை வாசலை மிதிக்கும்போதே உறைதல் கெட்டிருக்கிறது. காயமும் அதிர்ச்சியும் சேர்ந்து, தன் ரத்தக்கட்டியைத் தானே கரைக்கும் வேலையை உடல் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் சிவப்பணு மட்டும் ஏற்றினால் போதாது. பிளாஸ்மாவும் தட்டணுக்களும் தொடக்கத்திலிருந்தே வேண்டும்.

பாக்தாதில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் பெருமளவு ரத்தம் ஏற்றப்பட்ட 246 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியான கட்டுரை இதைப் பலப்படுத்தியது. எட்டுப் பங்கு சிவப்பணுவுக்கு ஒரு பங்கு பிளாஸ்மா என்று பெற்றவர்களில் 65 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய சரிக்குச் சரியாகப் பெற்றவர்களில் இறந்தவர்கள் 19 சதவீதம். முன்கூட்டியே இறந்தவர்களுக்குப் பிளாஸ்மா கிடைக்க நேரமே இருந்திருக்காதே என்ற நியாயமான கேள்வி எழுந்தது. அதற்காக 680 பேரிடம் முறையான சோதனை நடந்து 2015-இல் முடிவு வெளியானது. ஒட்டுமொத்த இறப்பில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மூன்றையும் சம அளவில் பெற்றவர்களில், முதல் நாளிலேயே ரத்தம் வடிந்து இறந்தவர்கள் 9.2 சதவீதம், பிளாஸ்மாவும் தட்டணுக்களும் பாதியளவே பெற்றவர்களில் 14.6 சதவீதம்.

ஆக, போகிறது ரத்தம் என்றால் கொடுக்க வேண்டியதும் ரத்தம்தான். இதைச் சுற்றிச் சின்னச் சின்ன நுணுக்கங்களும் சேர்ந்திருக்கின்றன. சேமித்த ரத்தம் பையில் உறையாமலிருக்கச் சிட்ரேட் சேர்க்கிறார்கள். அது நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. அதனால் இப்போது ரத்தத்தோடு கால்சியமும் போகிறது. ஏற்றும் ரத்தத்தைச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். கம்பளி போர்த்துவதுகூடச் சிகிச்சையின் பாகமாகிவிட்டது.

ஒரு ஜப்பானியத் தாயின் மருந்து

உடல் தன் ரத்தக்கட்டியைத் தானே கரைக்கிறது என்றால், அந்தக் கரைப்பைத் தடுக்க மருந்து உண்டா? உண்டு. விபத்துச் சிகிச்சை அதைக் கண்டுகொள்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே அது உருவாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் உட்டாகோ ஒகாமோட்டோ என்ற பெண் மருத்துவர் தன் கணவர் ஷோசுகேயோடு சேர்ந்து ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்தைத் தேடினார். வசதியில்லாத ஆய்வகம். தேவையான ரத்தத்தைத் தங்கள் உடம்பிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சோதனைக்கூடத்தில் நின்றவர் அவர். முதன்முதலாக ஆய்வு முடிவைச் சொல்ல மேடையேறியபோது, ஆடிக் காட்டப்போகிறாயா என்று கூட்டத்திலிருந்த ஆண்கள் ஏளனம் செய்ததைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். பிரசவத்தில் ரத்தம் வடிந்து இறக்கும் தாய்மார்களைக் காக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. 1962-இல் டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. மாதவிடாயில் அதிகப் போக்குக்கும் பல் பிடுங்கும்போதும் அந்த மருந்து பயன்பட்டது. பிரசவத்துக்குக் கொடுத்துப் பாருங்கள் என்ற அவருடைய வேண்டுகோளை அன்று யாரும் ஏற்கவில்லை.

2010-இல் 'கிராஷ்-2' ஆய்வின் முடிவு வெளியானது. 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் அடிபட்டு வந்த 20,211 பேர். இந்திய மருத்துவமனைகளும் பங்கெடுத்தன. லண்டனின் இயன் ராபர்ட்ஸ் முன்னின்று நடத்திய இந்தச் சோதனையில், டிரானெக்ஸாமிக் அமிலம் பெற்றவர்களில் 14.5 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 16 சதவீதம். வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றலாம். உலகெங்கும் ஆண்டுதோறும் அடிபட்டு ரத்தம் இழப்பவர்களின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

நேரம்தான் இதில் எல்லாம். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் ரத்தப்போக்கால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மூன்று மணி நேரம் தாண்டிப் போட்டால் நன்மை இல்லை. அத்தகையவர்களில் ரத்தப்போக்கு மரணங்கள் கூடுதலாகவே இருந்தன. பத்து நிமிடத்தில் ஒரு கிராம், பிறகு எட்டு மணி நேரத்தில் இன்னொரு கிராம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 2011-இல் உலக சுகாதார நிறுவனம் விபத்துக் காயத்துக்கான அத்தியாவசிய மருந்தாக இதைச் சேர்த்தது.

உட்டாகோ 2016-இல், 98 வயதில் காலமானார். மறு ஆண்டு, 21 நாடுகளில் 20,060 தாய்மார்களிடம் நடந்த சோதனை வெளியானது: பிரசவ ரத்தப்போக்கால் நேரும் மரணத்தை அந்த மருந்து குறைக்கிறது. அவர் அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்தது சரிதான் என்று நிரூபித்த அந்த முடிவைப் பார்க்க அவர் இல்லை.

ஒரு பட்டை

டூர்னிகே என்பது கை கால்களில் காயத்துக்கு மேலே இறுகக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் பட்டை. பழங்காலத்துச் சமாசாரம்தான். ஆனால் பல தலைமுறைகளாக முதலுதவி வகுப்புகள் அதை எச்சரிக்கையோடுதான் சொல்லித் தந்தன. கட்டினால் காலே போய்விடும் என்று பயம். பாக்தாதில் ஜான் கிராக் என்ற ராணுவ மருத்துவர் 232 நோயாளிகளைக் கணக்கெடுத்தார். ரத்தம் வடிந்து உடல் தளர்வதற்கு முன்பே கட்டியவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். தளர்ந்த பிறகு கட்டியவர்களில் 10 சதவீதம் மட்டுமே. பட்டை கட்டியதால் மட்டுமே கை காலை இழந்தவர் என்று ஒருவரைக்கூட அவர் காணவில்லை.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் இரண்டு குண்டுகள் வெடித்தன. மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள். 260 பேருக்கு மேல் காயம். பலருக்குக் கால்கள் சிதறின. ஓட வந்தவர்களும் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் பெல்ட்டையும் சட்டையையும் கழற்றிக் கட்டினார்கள். அப்படித் துணியால் கட்டியவை பல சரியாக இறுகவில்லை என்று பிறகு மருத்துவர்கள் எழுதினார்கள். என்றாலும் மருத்துவமனைக்கு உயிரோடு கொண்டுவரப்பட்ட ஒருவர்கூட இறக்கவில்லை. அதன் பிறகு அமெரிக்காவில் பள்ளிகளிலும் அரங்குகளிலும் ரத்தத்தை நிறுத்தும் பயிற்சி பொதுமக்களுக்கு வழங்கப்படுகிறது.

படுகாயச் சிகிச்சையில் முதலில் மூச்சுவழி, பிறகு சுவாசம், பிறகு ரத்த ஓட்டம் என்பதுதான் நெடுங்கால வரிசை. அந்த வரிசையைக் கற்பிக்கும் பாடத்திட்டம் பிறந்த கதை துயரமானது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் குடும்பத்தோடு ஓட்டிவந்த சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயலில் விழுந்தது. மனைவி இறந்துவிட்டார். நான்கு குழந்தைகளுக்கும் காயம். வழியில் வந்த காரை நிறுத்தி ஊர் மருத்துவமனைக்குப் போனால் அது பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகு கிடைத்த சிகிச்சையைவிட, வயலில் கையில் கிடைத்ததை வைத்துத் தான் செய்ததே மேல் என்று அவர் வருந்தினார். அந்த வருத்தத்திலிருந்து 1978-இல் ஏ.டி.எல்.எஸ். (உயர்நிலை விபத்து உயிர்காப்பு) பயிற்சி பிறந்தது. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் மருத்துவர்கள் அதைக் கற்கிறார்கள். பீறிட்டு ஓடும் ரத்தத்தை மூச்சுவழிக்கும் முன்பே நிறுத்த வேண்டும் என்ற போர்க்களப் பாடம் இப்போது அந்தப் பாடத்திட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது.

தோற்றுப்போன நம்பிக்கைகள்

எல்லாமே வெற்றிக் கதை இல்லை. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் நடந்தது. மூளை வீக்கம் குறையும் என்ற எண்ணம். 2004-இல் 10,008 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு: ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்தில் 21.1 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 17.9 சதவீதம். நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்து ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. அந்தப் பழக்கம் அதோடு கைவிடப்பட்டது.

தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனை மகாதமனிக்குள் செலுத்தி ஊதி, கீழே போகும் ரத்தத்தை உள்ளிருந்தே அடைக்கும் கருவி வந்தபோது பெரும் பரபரப்பு. 2014-இல் லண்டன் ஏர் ஆம்புலன்ஸ் மருத்துவர்கள் அதைத் தெருவிலேயே செய்து காட்டினார்கள். பிரிட்டனின் 16 மையங்களில் நடந்த சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டு, 2023-இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதமும், பலூனும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவீதமும் இறந்திருந்தார்கள். பலூனைப் பொருத்தும் நிமிடங்களில், உண்மையான மருந்தாகிய ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்பது ஒரு விளக்கம்.

ஆம்புலன்ஸிலேயே ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றுவதிலும் விவாதம் ஓயவில்லை. ஹெலிகாப்டரில் பிளாஸ்மா கொடுத்த அமெரிக்கச் சோதனையில் ஒரு மாத இறப்பு 33 சதவீதத்திலிருந்து 23.2 ஆகக் குறைந்தது. பிரிட்டனில் 2022-இல் வெளியான சோதனையில் சலைனைவிட மேலான பலன் தெரியவில்லை. மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறதோ என்று ஆராய்கிறார்கள். பால்டிமோரில் சாமுவேல் டிஷர்மன் குழு இன்னும் துணிகரமான ஒன்றை முயல்கிறது: இதயம் நின்றுபோன காயக்காரரின் உடலில் ரத்தத்துக்குப் பதில் பனிக்குளிர்ச்சியான சலைனைச் செலுத்தி, மூளையைப் பாதுகாத்து, அந்த அவகாசத்தில் காயத்தைத் தைப்பது. குறைந்தது ஒருவருக்காவது இதைச் செய்திருப்பதாக 2019-இல் அறிவித்தார்கள். சோதனைக் கட்டத்தில் இருக்கும் விஷயம் இது. இதை நம்பி யாரும் வண்டியை வேகமாக ஓட்டக் கூடாது.

காலை எடுப்பதா, காப்பதா?

ரத்தம் நின்றது, உயிர் தங்கியது. அடுத்த கேள்வி, நொறுங்கிக் கிடக்கும் கால். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து, மண்ணும் சாக்கடையும் ஒட்டி, தசை கிழிந்து வரும் கால்களை நம் நெடுஞ்சாலையோர மருத்துவமனைகள் தினமும் பார்க்கின்றன. எடுப்பதா காப்பதா என்று முடிவுசெய்ய மேல்நாடுகளில் சில மதிப்பெண் முறைகள் இருந்தன. அவை ரத்தக்குழாய் அறுந்த கால்களை மனத்தில் வைத்து உருவானவை. ரத்த ஓட்டம் இருந்தும் எலும்பும் தசையும் தோலும் சிதைந்த கால்களுக்கு அவை சரியாக வழிகாட்டவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது கோயம்புத்தூர். மயக்கவியல் மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதனும் அவர் மனைவி கனகவல்லியும் 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையை, அவர்களுடைய மகன்கள் எலும்பு சர்ஜன் எஸ். ராஜசேகரனும் பிளாஸ்டிக் சர்ஜன் எஸ். ராஜா சபாபதியும் உலகறிந்த மையமாக வளர்த்தார்கள். எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளிலேயே ஒரே மேசையருகே நின்று முடிவெடுப்பது அங்கே வழக்கம். தோல், எலும்பு, தசை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். வயது, சாக்கடை அல்லது தொழுவ அழுக்கு, சர்க்கரை நோய், சுத்தம் செய்யப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் போன்ற ஏழு காரணங்களுக்குத் தலா இரண்டு. 14 வரை வந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ம் அதற்கு மேலும் போனால் எடுப்பதே நல்லது. இடைப்பட்டவை அனுபவஸ்தர்களின் முடிவுக்கு. இந்தக் கணக்கை 109 நோயாளிகளிடம் சோதித்து 2006-இல் பிரிட்டிஷ் எலும்பியல் இதழில் வெளியிட்டார்கள். 'கங்கா ஸ்கோர்' என்ற பெயரில் அது இன்று உலக எலும்பு மருத்துவர்களின் கட்டுரைகளில் இடம்பெறுகிறது. டிராக்டர் சேற்றையும் லாரிச் சக்கரத்தையும் அறிந்த ஊரில்தான் இந்தக் கணக்கு பிறக்க முடியும் என்று சொல்வதில் மிகையில்லை.

சிதைந்த காலைச் சதையால் மூட, உடலின் வேறிடத்துத் தசையை ரத்தக்குழாயோடு எடுத்து நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். எப்போது தைப்பது? லூப்லியானா நகரின் மார்கோ கோடினா 532 நோயாளிகளைப் பார்த்துச் சொன்னார்: முதல் 72 மணி நேரத்துக்குள். அப்போது தோல்வி ஒரு சதவீதத்துக்கும் கீழே. தள்ளிப்போட்டால் 12 சதவீதம். 1986-இல் அந்தக் கட்டுரை அச்சேறிய ஆண்டிலேயே கோடினா ஒரு கார் விபத்தில் இறந்துபோனார்.

துண்டான உறுப்பை மீண்டும் பொருத்துவதும் இன்று அதிசயம் இல்லை. 1962 மே மாதம் பாஸ்டனில், சரக்கு ரயிலில் தொற்றப்போய்க் கை தோளருகே துண்டான 12 வயதுச் சிறுவனுக்கு ரொனால்ட் மால்ட் குழு அதை முதன்முதலில் பொருத்தியது. தமிழ்நாட்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைப் பிரிவு ஒரு தலைமுறை சர்ஜன்களை உருவாக்கியது. மில்லிலோ பட்டறையிலோ விரலோ கையோ துண்டானால் செய்ய வேண்டியது இது: துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும், அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பாத்திரத்தில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது. தசை உள்ள கை, காலுக்கு ஆறு மணி நேரம்தான் கணக்கு.

காப்பாற்றுவதே எப்போதும் வெற்றி என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் காலில் கடும் காயமடைந்த 569 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கால் எடுக்கப்பட்டவர்களின் நிலையும் காப்பாற்றப்பட்டவர்களின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இரு பிரிவிலும் பாதிப்பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். குடும்பத்தின் துணை, படிப்பு, வருமானம் ஆகியவையே பிற்கால வாழ்வைத் தீர்மானித்தன. பிசியோதெரபிக்கும் செயற்கைக் காலுக்கும் மனநல ஆலோசனைக்கும் செலவிடாத சிகிச்சை அரைச் சிகிச்சைதான்.

நம் சாலையில்

'பொன்னான நேரம்' என்று நாம் சொல்வதைப் பரப்பியவர் பால்டிமோரின் ஆடம்ஸ் கௌலி. அறுபது நிமிடம் என்ற எல்லைக்கு ஆய்வு ஆதாரம் பலமாக இல்லை. பீறிடும் ரத்தத்துக்கு ஐந்து நிமிடமே அதிகம். வேறு காயங்களுக்குச் சில மணி நேரம் இருக்கும். ஆனால் சரியான நோயாளியைச் சரியான மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோகும் ஏற்பாடு உயிர் காக்கிறது என்பதற்கு ஆதாரம் உறுதியாக இருக்கிறது. இங்கிலாந்து 2012-இல் பெரும் விபத்து மையங்களின் வலைப்பின்னலை அமைத்தது. 2008 முதல் 2017 வரையிலான பதிவுகளைப் பார்த்த ஆய்வு, பலத்த காயம்பட்டவர் பிழைக்கும் வாய்ப்பு விகிதம் 19 சதவீதம் கூடியிருப்பதைக் கண்டது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இவர்களில் பலர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள், உழைக்கும் வயதுக்காரர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு வீடு சாய்ந்திருக்கிறது.

செய்யப்பட்டவையும் குறைவில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் வருபவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்துக் கவனிக்கும் முறை வந்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. தொடக்கத்தில் 609 மருத்துவமனைகள், ஒரு லட்சம் ரூபாய் வரை செலவு. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை, இருக்கவும் கூடாது.

இத்தனைக்கும் முன்னால் சாலையில் நிற்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் செய்யக்கூடியது அதிகம். ரத்தம் பீறிடும் இடத்தில் துண்டையோ துப்பட்டாவையோ வைத்து இரு கைகளாலும் பலமாக அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கக் கூடாது. சோடாவோ தண்ணீரோ வாயில் ஊற்றக் கூடாது. முதுகெலும்போ கழுத்தோ அடிபட்டிருக்கலாம் என்பதால், உடனடி ஆபத்து இல்லாதவரை தூக்கி உட்கார வைத்து ஆட்டோவுக்குள் மடக்கித் திணிக்கக் கூடாது. போர்த்திவிட வேண்டும்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமோ என்ற பயத்தில் விலகிப்போனவர்கள் நம்மிடையே ஏராளம். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பயத்துக்கு எதிரான நெறிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடர முடியாது என்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையில் பிடித்து வைக்க முடியாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம். இந்த உரிமைகளை எல்லா மருத்துவமனைகளும் வாசலில் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்கின்றன 2020-இல் வந்த விதிகள்.